மூன்றரை சி.சி. தந்த பாடம்

2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை. பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து மறுநாள் மறையுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். ஆரப்பாளையத்தில் வாழ்வோர்க்கு ஓசை புதிதன்று. திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் கோவைக்கும் புறப்படும் பேருந்துகளின் ஊதல் ஒலிக்கிடையே செபமாலை சொல்லப் பழகியவர்கள் நம் பங்கு மக்கள். ஆயினும் அன்று மைதானத்திலிருந்து எழுந்த ஓசை வேறு. நூறு வண்டுகளைத் தகர டப்பாவில் அடைத்துக் குலுக்கினாற்போல் ஒரு கீச்சொலி காதைத் துளைத்தது.

எழுந்து சென்று பார்த்தோம். ஒரு முழ நீளமுள்ள கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வட்டமிட, கையில் பிடித்த கருவியால் அதனைச் செலுத்திக்கொண்டிருந்தான் ஓர் இளைஞன். சிறுவனாயிருந்தபோது நம் பீடத்தில் பூசை உதவி செய்தவன். இப்போது பாலிடெக்னிக்கில் முதலாண்டை முடித்தவன். பெயர் வேண்டா, தம்பி என்றே குறிப்போம்.

"இது பேட்டரி வண்டி இல்லை ஃபாதர், நிஜ இஞ்சின்!" என்றான் பெருமையோடு. பழைய வண்டி, முன்பு வைத்திருந்த ஒருவரிடம் விலைக்கு வாங்கியிருக்கிறான். திருமண வீடுகளில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணம். அவன் நம்மிடம் இரண்டு அனுமதிகள் கேட்டான். சனிக்கிழமை மாலைகளில் மைதானத்தில் வண்டி ஓட்டிக்கொள்ளலாமா என்பது ஒன்று. அதன் எரிபொருளைப் பங்கு இல்லத்தில் வைத்துக்கொள்ளலாமா என்பது மற்றொன்று. அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் உள்ள வீடு; எரிகிற பொருளைத் தாய் உள்ளே விடவில்லை. இரண்டுக்கும் உடனே தலையசைத்தோம். முதல் இசைவுக்காக இன்றும் மகிழ்கிறோம். இரண்டாவதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லியாக வேண்டும்.

குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், கிளைக் கிராமங்களுக்குப் பூசை வைக்கச் சென்றது டி.வி.எஸ். 50 வண்டியில்தான். 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் நிறுவிய தொழிலின் வழிவந்த குழுமம், 1980-இல் ஓசூரிலிருந்து வெளியிட்ட வண்டி அது. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுவோமே, அந்த டூ ஸ்ட்ரோக் முறையே தம்பியின் சிறிய இயந்திரத்துக்கும் உரியது. அதில் 50 சி.சி.; இதில் 3.5 சி.சி. மருந்துக் குப்பியோடு வரும் 5 மில்லி மூடியில் முக்கால் பங்கையும் நிரப்பாத அளவு! அதற்குள் ஒரு பிஸ்டன் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் இயங்குகிறது. நொடிக்கு 500 சுற்று. சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நாம் ஒரு முறை 'ஆமென்' என்று சொல்வதற்குள் ஐந்நூறு முறை அது பற்றி எரிந்து முடிகிறது.

அதன் எரிபொருள் பெட்ரோல் அன்று. மெத்தனால் என்னும் மரச்சாராயம், நைட்ரோமீத்தேன் என்னும் வேதிப்பொருள், இவற்றோடு மசகுக்காக எண்ணெய். பழைய வழக்கப்படி அந்த எண்ணெய், நம் பாட்டிமார் வயிறு சுத்தமாக ஊற்றித் தந்த அதே விளக்கெண்ணெய்தான்; கடும் வெப்பத்திலும் உலோகத்தை விட்டு அகலாது என்பதால் அதற்கு அம்மதிப்பு. தீப்பொறி தரும் பிளக்கும் இதில் இல்லை. பிளாட்டினம் கலந்த நுண்ணிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு. முதலில் பேட்டரியால் அதைப் பழுக்க வைத்தால் போதும். பிறகு மெத்தனால் ஆவியும் பிளாட்டினமும் சேரும் வேதிவினையாலும் எரியும் வெப்பத்தாலும் அது தானே கனன்றுகொண்டிருக்கும். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்கரான ரே ஆர்டன் இதனைப் பரவச் செய்தார்.

நைட்ரோமீத்தேன் எதற்கு? ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிராம். நைட்ரோமீத்தேனுக்கோ 1.7 கிராம் போதும். உயிர்வளியைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது அது. ஆகவே அதே அளவு காற்றோடு மிகுதியான எரிபொருளை எரிக்கலாம். மிகுதியான ஆற்றலைப் பெறலாம். இவற்றையெல்லாம் தம்பி திண்ணையில் அமர்ந்து நமக்கு விளக்கினான். குருமடத்தில் தத்துவம் கற்ற நமக்கு, அவன் ஆசிரியனாகவும் நாம் மாணவராகவும் இருந்த அந்த மாலைகள் இனிமையாகவே இருந்தன.

ஆனால் இளமைக்கு உள்ளது போதாது. "இன்னும் பவர் ஏத்தணும் ஃபாதர்" என்று தொடங்கினான். நண்பன் ஒருவனது வண்டி இவனுடையதை முந்திவிட்டதாம். மைதானத்தை ஒரு முறை சுற்றிவர இவன் வண்டிக்கு 19 நொடி. அதைக் குறைத்தே தீர்வதென்று இயந்திரத்தைப் பிரித்தான்.

முதலில், காற்று நுழையும் வாயை டிரில் கொண்டு அகலமாக்கினான். காற்று மிகுந்தால் ஆற்றல் மிகும் என்பது அவன் கணக்கு. ஆனால் குறுகிய வாயில் விரைந்து பாயும் காற்றே எரிபொருளை உறிஞ்சி இழுக்கிறது. வாய் அகன்றதும் காற்றின் வேகம் தணிந்தது, இழுப்புக் குறைந்தது, வண்டி நின்ற இடத்தில் நிதானமாக உறுமும் தன்மையையே இழந்தது.

அடுத்து, புகை வெளியேறும் துவாரத்தின் மேல் விளிம்பை அரத்தால் அராவினான். துவாரம் உயர்ந்தால் அது முன்னதாகத் திறக்கும். மிக உயர்ந்த வேகத்தில் அதனால் பயன் உண்டு. ஆனால் பிஸ்டனை அழுத்திக்கொண்டிருக்கும் வாயு, தன் வேலையை முடிக்குமுன்பே வெளியேறிவிடுவதால் மற்ற வேகங்களிலெல்லாம் இழப்பு. அதிலும் கொடுமை, அரம் கொண்டு எடுத்ததை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை.

மூன்றாவதாக, சிலிண்டரின் உட்புறத்தை எமரித் தாளால் பளபளவெனத் தேய்த்தான். கையால் சுற்றும்போது உச்சியில் பிஸ்டன் இறுகுகிறதே, அந்த இறுக்கம் நீங்கினால் வேகம் கூடும் என்று நினைத்தான். இறுதியாக ஊசி வால்வைத் திருகி எரிபொருளைக் குறைத்தான். குறைத்தால் வேகம் ஏறியது; மேலும் குறைத்தான்; மேலும் ஏறியது. இவ்வகை இயந்திரத்தில் மசகெண்ணெய் எரிபொருளோடுதான் உள்ளே வருகிறது என்பதையும், எரிபொருளைக் குறைப்பவன் எண்ணெயையும் குளிர்ச்சியையும் சேர்த்தே குறைக்கிறான் என்பதையும் அவன் அந்த வேகத்தின் மகிழ்ச்சியில் மறந்தான். 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கவேண்டிய வெப்பம் எங்கே போயிற்றோ! இரண்டு சுற்று பறந்தது வண்டி. மூன்றாம் சுற்றில் கீச்சொலி சட்டென அறுந்தது. பிஸ்டன் இறுகி, கனெக்டிங் ராடு முறிந்துபோயிற்று.

அன்று அவன் முகத்தைப் பார்த்து நமக்கு இரக்கமே உண்டாயிற்று. ஆனால் மறுநாள் நிகழ்ந்தது, இயந்திரத்தைப் பற்றிய நினைவையே துடைத்துவிட்டது.

ஞாயிறு மறைக்கல்வி முடிந்த நேரம். கடும் வெயில். தண்ணீர் குடிக்கப் பங்கு இல்லத்துக்குள் வந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு குளிர்பானப் புட்டியைக் கண்டாள். உள்ளே ரோஜா நிறத்தில் திரவம். மூடியைத் திறந்து வாயருகே கொண்டுபோய்விட்டாள். அந்த நொடியில் தற்செயலாக உள்ளே நுழைந்த கோயில்பிள்ளையின் மனைவி பாய்ந்து தட்டிவிட்டார். புட்டி தரையில் உருண்டு, அறையெங்கும் மருந்து நெடி பரவியது. வண்டியில் ஊற்ற வசதியாயிருக்கும் என்று பெரிய டப்பாவிலிருந்து தம்பி மாற்றிவைத்த எரிபொருள் அது. வைத்தவன் அவன், வைக்க இடம் தந்தவர் நாம், என்ன பொருள், எதில் இருக்கிறது என்று ஒரு முறையேனும் பார்க்காதவரும் நாமே.

மெத்தனால் எத்தகையது என்பதைத் தமிழகம் அறிந்திருக்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தோரிலும் சிலர் பார்வை இழந்தனர். அந்த வாரம் நாம் அவர்களது ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி நிறைவேற்றினோம். கள்ளச் சாராயத்தின் கேட்டைப் பற்றி மறையுரையும் ஆற்றினோம். அடுத்த கோடையில் அதே நஞ்சு நம் அலமாரியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், அழகிய நிறத்தோடு அமர்ந்திருந்தது.

பெற்றோர் இதனை அறிதல் நலம். உடலுள் சென்ற மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே கண் நரம்பைத் தாக்குகிறது. வளர்ந்தவர்க்கே பத்து மில்லி அளவு பார்வையைப் பறிக்கக்கூடும். அறிகுறிகள் உடனே தோன்றா. அரை நாளோ ஒரு நாளோ கழித்தே கண் மங்கும். ஆகவே 'ஒன்றும் ஆகவில்லையே' என்று காத்திருத்தல் ஆகாது; பருகியது தெரிந்த மறுகணமே மருத்துவமனை சேரவேண்டும். முறிவு மருந்து உண்டு, காலத்தோடு சென்றால். அன்றியும் மெத்தனால் எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1981-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ரிக் மியர்ஸ் என்னும் ஓட்டுநரும் அவரைச் சூழ்ந்து நின்ற பணியாளரும், காண்போர்க்குத் தீயே தெரியாத நிலையில் எரிந்து துடித்தனர்.

அன்று மாலையே சிறுமியின் தாயைத் தேடிச் சென்றோம். நடந்ததையும், தவறு நம்முடையதே என்பதையும் சொன்னோம். ஒப்புரவு அருளடையாளத்தில் பிறர் சொல்லக் கேட்டுப் பழகிய நமக்கு, நாமே சொல்ல நேர்ந்தபோது நா எழவில்லை. அந்தத் தாய் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது சாமி. இனிமே பூட்டி வைங்க" என்றார். கடிந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்குவது எளிதாக இருந்திருக்கும்.

அங்கிருந்து தம்பியின் வீட்டுக்குப் போனோம். தந்தை லேத் பட்டறைத் தொழிலாளி. கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் வட்டிக்குக் கடன் வாங்கிய அதே மாதத்தில் மகன் விளையாட்டு வண்டியில் பணத்தைப் போட்டான் என்று, அன்றுமுதல் மகனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். மூன்று மாதமாகத் தாய் வழியாகவே சேதிகள் போய்வந்தன. இது நமக்கு அன்றுதான் தெரிந்தது.

நடந்ததைக் கேட்டார். முகம் இறுகியது. எழுந்துபோய் மகனது பெட்டியிலிருந்து உடைந்த இயந்திரத்தை எடுத்துவந்தார். மின்விளக்கின் கீழே சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தார். பெருவிரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"யாருடா இதை எமரி போட்டுத் தேய்ச்சது?"

மூன்று மாதத்துக்குப் பின் தந்தை மகனிடம் பேசிய முதல் சொல் அது.

"நான்தான்ப்பா" என்றான் தம்பி.

"மேல ஒடுங்கி, கீழ அகண்டு இருக்கேடா. வேணும்னேதானே அப்படிக் கடைஞ்சிருக்கான்?"

பிறகு அவர் விளக்கியதை அந்த வீட்டுத் தரையில் அமர்ந்து நாமும் கேட்டோம். இத்தகைய இயந்திரத்தில் பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. சிலிண்டர் பித்தளை, அதன் உட்புறம் குரோமியப் பூச்சு, பிஸ்டன் சிலிக்கான் கலந்த அலுமினியம். குளிர்ந்திருக்கையில் உச்சியில் இறுகும்படி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்தால் அதில் ஒரு சில பங்கு அளவே ஒடுக்கமாகக் கடைந்திருப்பார்கள். சூடேறும்போது பித்தளை விரிந்துகொடுக்க, வேலை செய்யும் வெப்பத்தில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். தம்பி குறை என்று எண்ணித் தேய்த்து அகற்றியது, செய்தவன் அரிதின் முயன்று வைத்த பொருத்தத்தை!

புதிய பிஸ்டனும் சிலிண்டரும் ராடும் வாங்க, பாதிப் பணம் மகன் உழைத்துச் சேர்க்கவேண்டும் என்றும், பாதி தாம் தருவதாகவும் தந்தை சொன்னார். அதற்கு ஆகஸ்டு மாதம் ஆயிற்று. அதன்பின் நடந்த வேலையைப் பார்த்தோம். அரம் வெளியே வரவே இல்லை. மைக்ரோமீட்டரும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமுமே வெளிவந்தன. அகலமாக்கிக் கெடுத்த கார்புரேட்டருக்குப் பதிலாகப் பழையது ஒன்று தேடிப் பொருத்தினர். காற்று கசியும் இணைப்புகளை அடைத்தனர். வார்ப்பில் தங்கிய பிசிறை மட்டும் நீக்கினர். எரிபொருளில் நைட்ரோமீத்தேன் பங்கு கூடினால் அழுத்தம் மிகுந்து முன்கூட்டியே வெடிக்குமாதலால், சிலிண்டர் தலையின் அடியில் மெல்லிய செம்புத் தகட்டு வளையம் ஒன்றைக் கூடுதலாக வைத்தனர். புதிய பிஸ்டன் பழகும்வரை எரிபொருளைத் தாராளமாக விட்டு, மெதுவாகவும் விட்டுவிட்டும் ஓட்டினர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், மாற்றியபின் கடிகாரம் பார்த்து ஐந்து சுற்று, நோட்டில் பதிவு. இதுவே தந்தையின் சட்டம்.

எல்லாவற்றினும் நம்மைக் கவர்ந்தது புகைக்குழாய். டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் புகை வெளியேறும் வழியாகவே, எரியாத புதிய கலவையிலும் ஒரு பங்கு தப்பியோடிவிடுகிறது. நடுவில் பருத்து, முடிவில் ஒடுங்கும் குழாய் ஒன்றைத் தக்க நீளத்தில் பொருத்தினால், வெளியேறிய அழுத்த அலை அதன் ஒடுங்கிய முனையில் மோதித் திரும்பி வந்து, துவாரம் மூடுவதற்குச் சற்று முன்பாகத் தப்பிய கலவையை மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்னும் பொறியாளர் 1950-களில் இதனைப் பொறுமையோடு ஆராய்ந்து வளர்த்தார். 1961-இல் அவரது 125 சி.சி. பந்தய இயந்திரம் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்னும் கணக்கு அன்று உலகம் காணாதது. தம்பியும் தந்தையும் அக்குழாய்க்குச் செல்லும் வளைவின் நீளத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தனர். நீளம் குறைந்தால் உச்ச வேகத்தில் ஆற்றல். கூடினால் திருப்பத்திலிருந்து எழும்பும் இழுப்பு. நம் சிறிய மைதானத்துக்குச் சற்று நீளமே பொருந்தியது.

நோட்டுப் புத்தகம் சொல்வது இது. பிரிப்பதற்கு முன் 19 நொடி. அராவித் தேய்த்த பின், ஊசியைக் குறைப்பதற்கு முன், 21 நொடி. தந்தையும் மகனும் சேர்ந்து சீர்செய்தபின் 17 நொடி. ஆற்றல் ஏற்றியதாக எண்ணிய வேலையால் வண்டி மெதுவாகவே ஓடியிருக்கிறது.

தம் இல்லங்களில் இத்தகைய ஆர்வம் கொண்ட பிள்ளைகள் இருப்பின், பெற்றோர் அதனை வெறுத்தல் வேண்டா என்பதே நம் கருத்து. கோவையைச் சேர்ந்த கரிவரதன், பந்தயத்துக்கெனக் கார்களைத் தம் கையால் திருத்தியமைத்தவர். 1980-களின் இறுதியில் மாருதி 800 இயந்திரத்தைக் கொண்டு, செல்வர் அல்லாதோரும் ஓட்டத்தக்க பந்தயக் கார் உருவாக வழிசெய்தவர். 1995-இல் சிறு விமான விபத்தில் மறைந்த அவரது பெயரைக் கோவையில் ஒரு பந்தயத் தளம் தாங்கி நிற்கிறது. சென்னையை அடுத்த சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைக் கண்டு வளர்ந்து பொறியாளரானவர் உண்டு. தாலந்து உவமையில் ஆண்டவர் கண்டித்தது, பயன்படுத்தியவனை அன்று, புதைத்தவனையே.

ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். எரிபொருள் அதற்குரிய டப்பாவிலேயே, பெயர் எழுதி, வீட்டுக்கு வெளியே, நிழலில், பூட்டுக்குள் இருக்கட்டும். உணவுப் பொருளுக்குரிய எந்தப் புட்டியிலும் அது புகலாகாது. அடுப்பும் விளக்கும் உள்ள அறையில் ஊற்றலாகாது. கையில் பட்டால் உடனே கழுவவேண்டும். தோல் வழியாகவும் ஆவி வழியாகவும் அந்நஞ்சு உட்புகும். மூடிய அறையில் இயந்திரத்தை இயக்கலாகாது. ஓடும் வண்டியின் அருகே சிறுவர் நிற்கலாகாது. இவற்றை நாம் எங்கும் படித்துச் சொல்லவில்லை; ஓர் ஆறு வயதுச் சிறுமியின் கையிலிருந்து உருண்ட புட்டி நமக்குக் கற்பித்தது.

புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய திருமுகத்தில், உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று விளக்கும் பகுதியைப் பலமுறை மறையுரையில் எடுத்தாண்டிருக்கிறோம். ஓர் உறுப்பைப் பெரிதாக்கினால் மற்றவை அதன் சுமையைத் தாங்கியாக வேண்டும் என்பதை அந்தச் சிறு சிலிண்டரைக் கையில் வைத்துப் பார்த்தபோதே தெளிவாக உணர்ந்தோம். காற்றை மிகுத்தால் எரிபொருள் மிகவேண்டும். எரிபொருள் மாறினால் அழுத்தம் மாறவேண்டும். தந்தை வாங்கிய கடனை மகன் அறிந்திருக்கவேண்டும். மகனது ஆர்வத்தைத் தந்தை அறிந்திருக்கவேண்டும். தம் அலமாரியில் இருப்பது இன்னதென்று பங்குக் குரு அறிந்திருக்கவேண்டும்.

சனிக்கிழமை மாலைகளில் அந்தக் கீச்சொலி இன்றும் கேட்கிறது. எரிபொருள் டப்பா மைதானத்து மூலையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு சாவி தந்தையிடம், மற்றொன்று நம்மிடம். திண்ணையிலிருந்து நோக்கினால், தந்தை கடிகாரத்தைப் பார்த்து நொடியைச் சொல்வதும் மகன் குனிந்து எழுதிக்கொள்வதும் தெரியும். நாம் எழுந்துபோய் அந்தப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறோம். நம் இல்லங்களில் உள்ள சின்னஞ்சிறு கைகளை எல்லாம் இறைவன் காப்பாராக. அவர் காப்பதற்கு நம் விழிப்பையும் கருவியாக்கிக் கொள்வாராக.